நாற்பது நாள் நாக்கு

வெண்மதிக்குக் கருவாடு என்றால் என்னவென்று இருபது வயது வரை தெரியாது. தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து பத்துக்கு, மருந்தியல் வகுப்பின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தபோது.

அவள் வாயில் எதுவும் இல்லை. காலையில் விடுதியில் கடித்து விழுங்கிய சத்துக்கட்டியின் சுவடுகூடப் போய்விட்டிருந்தது. திடீரென்று நாக்கில் உப்பு வந்து இறங்கியது. பின்னாலேயே எண்ணெய், லேசான கருகல், கடற்கரைப் பக்கம் காற்று திரும்பினால் வருகிற வாடை. அதற்குப் பின்னால் குளிர்ச்சியாக ஒரு புளிப்பு. கடைசியாக நறுக்கென்று ஒரு காரம் மூக்கில் ஏறி, கண்ணில் நீர் கட்டியது.

பக்கத்தில் இருந்த ஃபர்ஹானாவின் கையைச் சுரண்டினாள்.

“உப்பா, மொறுமொறுன்னு, கொஞ்சம் நாத்தமா இருக்கிறது எது?”

ஃபர்ஹானா காயல்பட்டினத்துக்காரி. விடுதியில் ஒரே அறை. சாப்பாட்டு விஷயத்தில் வெண்மதிக்கு அவள்தான் அகராதி.

“நாத்தம்னா எப்படி? தூக்கிப் போடணும்னு தோணுதா, இன்னும் கொஞ்சம் வேணும்னு தோணுதா?”

வெண்மதி நேர்மையாக யோசித்தாள். “இன்னும் வேணும்னு.”

“அப்போ கருவாடு. கூட என்ன வருது?”

“குளிர்ச்சியா ஒரு புளிப்பு. அப்புறம் கடிச்சா சாறு வர்ற காரம்.”

“பழைய சோறு, சின்ன வெங்காயம்,” என்று ஃபர்ஹானா குறிப்பேட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள். “உன் ஆளு நல்லாத்தான் வாழுறாரு.”

வெண்மதி கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அவளுடைய ஆள், அதாவது அவள் பொறுப்பில் இருந்த நோயாளி, ஒரு கல் உப்பைக்கூடத் தொடக் கூடாதவர்.

அந்த வருஷம்தான் தூத்துக்குடியில் அவர்கள் கல்லூரியில் சமையல் ஒரு பாடமாக வந்திருந்தது. வெண்மதி பிறந்து வளர்ந்த சென்னை அடுக்ககத்தில் எந்த வீட்டிலும் அடுப்படி கிடையாது. சுவரில் ஒரு பெட்டி உண்டு. மணியடித்தால் திறக்க வேண்டும், உள்ளே சாப்பாடு சூடாக இருக்கும். வகுப்பில் பாதிப் பேர் அப்படி வளர்ந்தவர்கள்தான். முதல் நாள் பயிற்சிச் சமையலறையில் பானு மேடம் எல்லோர் கையிலும் ஒரு கத்தரிக்காயைக் கொடுத்து இது என்ன என்று கேட்டபோது, மூன்று பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவன் கல்லீரல் என்றான்.

“இவன்தான் நாளைக்கு ஒரு நோயாளிக்கு, ‘கத்தரிக்காய் வேணாம், உப்பைக் குறைங்க, தண்ணியை அளந்து குடிங்க’ன்னு எழுதப் போறவன்,” என்றார் பானு மேடம். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும் அவருக்கு. சிறுநீரக மருத்துவர். “எழுத ஒரு நிமிஷம் ஆகாது. தின்னு பார்க்கிறவருக்குத்தான் தெரியும். அதனால இந்தத் தடவை நீங்களும் தின்னு பார்க்கப் போறீங்க, அவர் நாக்கால.”

பிறகு ஒரு டப்பியிலிருந்து சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு வில்லையை எடுத்துக் காட்டினார். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நோயாளி வாயில் ஒன்று, மாணவர் வாயில் ஒன்று. அவர் நாக்குக்குத் தெரிவது இவர் நாக்குக்கும் வரும். பசியும் தாகமும்கூட வரும். நாற்பது நாள். நோயாளிக்கு மாணவரே உணவுமுறை எழுதி, தினம் சாயங்காலச் சாப்பாட்டை மட்டும் தன் கையால் சமைத்து அனுப்ப வேண்டும்.

“வாயை விட்டு எடுத்துட்டா என்ன மேடம் ஆகும்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஈரத்துலயேதான் இருக்கணும். கால் மணி நேரம் காய்ஞ்சா அணைஞ்சிடும், எனக்குத் தகவல் வந்துடும்.”

“நோயாளி நாம எழுதுனதைத் தின்னலைன்னா?”

பானு மேடம் டப்பியை மூடினார். “இவங்க எல்லாரும் சொந்த செல்லுல வளர்த்த சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிறவங்க. ஒண்ணு வளர ஒரு வருஷம் ஆகுது. கொடுத்ததைக் காப்பாத்துவாங்கன்னு தெரிஞ்சாத்தான் வளர்க்கவே ஆரம்பிப்பாங்க. ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையெல்லாம் ஏமாத்தக் கத்துக்கிட்டாங்க. முந்தின ரெண்டு நாள் பத்தியம் இருந்தா போதும். அதனால உங்க நாக்குதான் சாட்சி. நாற்பது நாள்ல மூணு மீறல் எழுதினீங்கன்னா அவர் பெயர் பட்டியல்ல இருந்து போயிடும். பார்த்து எழுதுங்க. விட்டுட்டும் எழுதாதீங்க.”

வெண்மதிக்கு வாய்த்தவர் தஸ்நேவிஸ். ஐம்பத்து மூன்று வயது, துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குபவர். பளுதூக்கியில் ஏறி உட்காருகிற காலம் போய்விட்டது. கரையில் குளிரூட்டிய அறையில் ஆறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் இரும்பு யானைகளை இரண்டு விரலால் ஆட்டிவைக்கிற வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் நாலு மணிக்குத் திரும்புவார்.

கருவாடு தெரிந்த அன்று நாலரை மணிக்கு அவர் வீட்டு வாசலில் வெண்மதி நின்றாள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் சின்ன மாடி வீடு. மனைவி பவுலின் கடைக்குப் போயிருந்தார்.

“சார், இன்னைக்குக் கருவாடு சாப்பிட்டீங்களா?”

“நானா?” தஸ்நேவிஸ் முகத்தில் தெரிந்த ஆச்சரியம் நடிப்புப்போல இல்லை. “உப்பை விட்டு இன்னியோட அஞ்சு நாளாச்சும்மா.”

“பொரிச்ச கருவாடு, பழைய சோறு, சின்ன வெங்காயம். காலையில பத்து பத்துக்கு.”

“எத்தனை மணின்னு சொன்னீங்க?”

“பத்து பத்து.”

அவர் திரும்பி அடுப்படியைப் பார்த்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்து போனது.

“ஆமாம்மா. நான்தான் தின்னேன். கூட வேலை பாக்கிறவன் கொண்டாந்தான்.”

“பழைய சோறுமா?”

“அதுவும் அவன்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எழுதிக்கோங்க, பரவாயில்ல. ஆனா பவுலின்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. நான் உப்பை விட்டதுல இருந்து அவளும் விட்டுட்டா. எனக்குச் சமைக்கிறதையே அவளும் தின்னுதா. இது தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா.”

வெண்மதி குறிப்பேட்டில் முதல் மீறலை எழுதினாள். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற ஆளை என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

அவள் சமையலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. முதல் வாரம் அனுப்பியது வேகவைத்த சுரைக்காய். காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சிறுநீரகத்துக்கு ஆகாத பொட்டாசியம் அதோடு போகும். அவள் கொட்டியதில் சுரைக்காயின் ருசியும் போய்விட்டது. சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் அதை வாயில் வைத்தபோது விடுதி அறையில் வெண்மதி முகத்தைச் சுளித்தாள். நனைந்த காகிதத்தை மெல்வதுபோல இருந்தது. அவர் ஒரு துண்டு விடாமல் தின்றார். தின்றுவிட்டுப் போன் செய்து, “நல்லா இருந்துச்சும்மா,” என்றார். இருவரும் ஒரே நாக்கால் தின்றவர்கள். அவளும், “நன்றி சார்,” என்றாள்.

ஒருநாள் பயிற்சிச் சமையலறையில், உப்பு மாதிரியே இருக்கும் வேறு ஒரு தூளைச் சேர்த்தால் என்ன என்று கேட்டாள். பானு மேடம் அந்தப் புட்டியை வாங்கிப் பின்னால் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். முழுக்கப் பொட்டாசியம்.

“இதைப் போட்டிருந்தா அவர் ருசியாச் சாப்பிட்டிருப்பார். அப்புறம் இதயம் நின்னிருக்கும்,” என்றார். “உப்பை மறைக்கப் பார்க்காதே. அவர் நாக்கு உப்பைத் தேடாத மாதிரி அதுக்கு வேற வேலை கொடு.”

என்ன வேலை கொடுப்பது என்று ஃபர்ஹானா காட்டினாள். சின்ன வெங்காயத்தைத் தோலோடு நெருப்பில் சுட்டால் இனிக்கும். மிளகை வறுத்து அப்போதே நுணுக்கினால் தொண்டை வரை போகும். இறக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சை. வெண்மதி வெங்காயத்தோடு விரலையும் சுட்டுக்கொண்டாள். பதினோராம் நாள் வெள்ளைப்பூண்டு தீய்ந்தது. பதின்மூன்றாம் நாள் அரிசி குழைந்தது. பதினாறாம் நாள் கொஞ்சம் நெத்திலி மீனை மிளகிலும் பூண்டிலும் புரட்டி வாட்டி அனுப்பியபோது, அவர் நாக்கு வழக்கம்போல விழுங்கித் தள்ளாமல் ஒரு நொடி நின்றது. வாய் ஊறியது. மீன் தீர்ந்த பிறகும் விரலை நக்கிக்கொண்டிருந்தார். அன்று அவர் போன் செய்யவில்லை. வெண்மதி விடுதி வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். எந்தத் தேர்விலும் முதல் மதிப்பெண் வாங்கி அவளுக்கு அப்படி இருந்ததில்லை.

ஆனால் தாகம்தான் அவளைப் படுத்தியது.

காலையில் ஏழு மணி வாக்கில் ஆரம்பிக்கும். தொண்டை வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். வெண்மதி ஒரு பாட்டில் தண்ணீர் குடிப்பாள், இன்னொரு பாட்டில் குடிப்பாள். வயிறு பானைபோல ஆகும், தாகம் அப்படியே இருக்கும். அது அவள் தாகம் இல்லையே. பசியும் அப்படித்தான். தின்று ஒரு மணி நேரம் ஆகாது, மறுபடியும் குடலைச் சுருட்டும். முதல் நாள் உணவுமுறையில், ‘தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்’ என்று அவள்தான் அலட்சியமாக எழுதியிருந்தாள். இப்போது அந்த வரியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“மேடம், அவருக்குத் தண்ணீர் அளவைக் கூட்டலாமா? பாவமா இருக்கு.”

“கால் வீங்கியிருக்கா? எடை?”

“வீக்கம் இல்லை. எடையும் ஏறலை.”

பானு மேடம் அவள் கையிலிருந்த குறிப்பேட்டைச் சுட்டிக் காட்டினார். “தாகம் வர்ற நேரத்தை எல்லாம் எழுதிட்டு வா. எதையும் மாத்தாதே.”

இருபத்திரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு மாங்காய் வந்தது. உப்புத் தொட்டது, பல் கூசியது. சாயங்காலம் போனில் கேட்டாள்.

“மாங்காயா?” மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “ஆமாம்மா, நான்தான். உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு.”

“மிளகாய்ப்பொடி இல்ல சார். பச்சை மிளகாய்.”

“ஆமாமா, பச்சை மிளகாய். மறந்துட்டேன்.”

இரண்டாவது மீறலையும் எழுதினாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அன்று இரவுச் சாப்பாட்டின்போது குறிப்பேட்டை ஃபர்ஹானா முன்னால் விரித்து வைத்தாள். “இந்த மனுஷன் எனக்குப் பிடிபடலை. பகல்ல ரவுடி. ராத்திரி சாமியார்.”

ஃபர்ஹானா பக்கங்களைப் புரட்டினாள். அவள் நோயாளி சமர்த்து. இத்தனை நாளில் இட்லியைத் தவிர வேறொன்றும் கேட்காதவர். அதனால் அடுத்தவர் நோயாளிகள் மேல் அவளுக்கு ஆர்வம் அதிகம்.

“தாகம் தினமும் வருதுன்னுதானே சொன்ன?”

“தினமும்தான்.”

“நாலாந் தேதி இல்ல. பதினொண்ணாந் தேதி இல்ல. பதினெட்டும் இல்ல.” விரலால் தட்டினாள். “எல்லாம் ஞாயித்துக்கிழமை. தாகம்கூட வாரம் ஒரு நாள் லீவு எடுக்குமாடி?”

ஞாயிற்றுக்கிழமை அவர் வேலைக்குப் போவதில்லை. மற்ற நாளில் பத்து மணி நேரம் குளிரூட்டிய அறையில் இருக்கிறார். குளிரில் தாகம் எடுத்து, வீட்டு வெக்கையில் தீர்ந்துவிடுமா? வெண்மதிக்கு அன்று படிப்பு ஓடவில்லை.

புதன்கிழமை முதல் வகுப்பு முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பாட்டுப் பையில் வேலை இடத்துக்கு என்ன போகிறது என்று பவுலினிடம் பக்குவமாகக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவள் திட்டம்.

“வாங்கம்மா, வாங்க,” என்று பவுலின் கதவைத் திறந்தார். நாற்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு. விரலில் மோதிரம் கழன்று விழாமல் இருக்க நூல் சுற்றியிருந்தார். “அவுக வேலைக்குப் போயிட்டாவளே. ஏதும் அவசரமா?”

“இல்லம்மா, சும்மாதான் வந்தேன்.”

“நடந்தா வந்திய? என்ன வெயிலு. உக்காருங்க, குடிக்கத் தண்ணி கொண்டாறேன்.”

பவுலின் உள்ளே போனார். அடுப்படியின் உட்புறம் கூடத்திலிருந்தே தெரிந்தது. அவர் மண்பானையிலிருந்து ஒரு செம்பு நிறைய மொண்டார். விருந்தாளிக்குக் கொடுப்பதற்கு முன் தனக்கு ஒரு மடக்கு என்று செம்பை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

வெண்மதியின் தொண்டையில் குளிர்ந்த தண்ணீர் இறங்கியது. லேசான மண் வாசனையோடு.

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பவுலின் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் ஊற்றினார். மறுபடியும் இறங்கியது. செம்பு காலியானது. அந்தத் தொண்டையில் தாகம் அப்படியே இருந்தது. இரண்டு பேருக்கும்.

“அம்மா,” என்று எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனாள். “உங்க வாயில என்ன இருக்கு?”

பவுலின் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல இருந்தது முகம்.

“அவுகளுதுதாம்மா,” என்றார், கையை எடுக்காமலே. “கோபப்படாதீங்க. சிக்னல் போடுத எதையும் அந்த அறைக்குள்ள விட மாட்டாகளாம். ரெண்டாம் நாளே வாசல்ல நிறுத்திப்புட்டாக. ஆஸ்பத்திரியில சொன்னா பேர் போயிரும், காயவிட்டாலும் போயிரும்னு சொன்னாவ. அதான் அவுக வேலைக்குப் போகையில நான் வச்சுக்கிடுவேன். வந்ததும் கழுவிக் குடுத்துருவேன். நல்லா வெந்நீர்லதான் கழுவுதேன்.”

“அது எதுக்குன்னு சார் சொன்னாரா?”

“உடம்புல உப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்குத மிஷினுன்னாவ.”

வெண்மதிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள். “காலையில பத்து மணிக்கு நீங்க கருவாடு சாப்பிட்டீங்களே, மூணு வாரம் முன்னாடி. போன வாரம் மாங்காய்.”

பவுலின் அம்மிக்கல் மேடையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “அது எப்படி உங்களுக்கு...” என்று ஆரம்பித்தவர், மெதுவாக வாயிலிருந்த வில்லையை விரலால் தொட்டுப் பார்த்தார். “அப்போ நான் தின்னதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“பூராவுமா?”

“அந்தத் தேங்காய் மிட்டாய்கூட.”

“ஐயோ மாதாவே,” என்றார் மெல்ல. “அவுகளுக்காக உப்பை விடுதேன்னு சொல்லிட்டு... ரெண்டே ரெண்டு தடவைதாம்மா. பசி தாங்கல. என்னமோ இப்பல்லாம் கொள்ளைப் பசி. தின்னது எங்க போகுதுன்னே தெரியல, உடம்பு வேற வத்திக்கிட்டே போகுது. தண்ணியும் குடிச்சு மாளல. பத்தியச் சாப்பாடு ஒத்துக்கலயோன்னு இருந்தேன்.”

அதற்குமேல் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வருஷப் பாடத்தில் முதல் அத்தியாயத்தில் முதல் பத்தியில் இருப்பது. வெண்மதி அதைப் பாடமாகப் படித்திருந்தாள், மூன்று வாரமாகத் தன் தொண்டையிலும் வைத்திருந்தாள். அதன் கழுத்தில் வேறொருவர் பெயரை மாட்டியிருந்ததால் அடையாளம் தெரியவில்லை.

பையிலிருந்த கருவியால் பவுலின் விரலில் குத்தினாள். சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு.

“கடைசியா எப்போம்மா உடம்பைப் பரிசோதிச்சீங்க?”

“எனக்கு என்ன? அவுகளுக்குத்தானே சீக்கு. அவுகளைக் கூட்டிக்கிட்டு மாசாமாசம் வாரேன். வெளிய உக்காந்திருப்பேன்.”

போனில் தகவல் கிடைத்ததும் தஸ்நேவிஸ் அனுமதி வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு ஓடி வந்தார். வெண்மதி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“நீங்க தின்னதா ஏன் ஒத்துக்கிட்டீங்க?” என்று பவுலின் கேட்டார்.

“பின்ன என்ன சொல்ல? நீ எனக்காக உப்பை விட்டுட்டேன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க. உன் திருட்டுத்தனம் தெரியும்னு சொன்னா என் முகத்தை எப்படிப் பாப்ப?”

“சீ,” என்றார் பவுலின். கொஞ்ச நேரம் இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு பவுலின்தான் அந்தப் பேச்சை எடுத்தார். “டாக்டரம்மா, நான் வேற ஆஸ்பத்திரியில போய்க் காட்டிக்கிடுதேன். உங்க நோட்டுல எதையும் மாத்த வேணாம். இன்னும் பதிமூணு நாள்தானே. நான் கருவாட்டுப் பக்கமே போக மாட்டேன். அவுகளுக்குக் கிட்னி கிடைச்சிரட்டும்.”

“நான் சத்தியமா ஒரு கல் உப்பு தொடலம்மா,” என்றார் தஸ்நேவிஸ். “பகல்லயும்.”

வெண்மதி அவரை நம்பினாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் மூன்று பேருக்கும் நல்லது. அவருக்குச் சிறுநீரகம், பவுலினுக்கு வைத்தியம், அவளுக்குத் தேர்ச்சி. ஆனால் இருபத்தேழு நாள் குறிப்பேட்டில் பாதி அவருடையது இல்லை. அவர் பகலில் என்ன தின்றார் என்று இந்த உலகத்தில் எந்த நாக்குக்கும் தெரியாது. அதைத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதற்கப்புறம் எழுதப்போகிற ஒவ்வொரு சீட்டிலும் அந்தக் கை இருக்கும்.

“சார், நான் பானு மேடம்கிட்ட சொல்லப் போறேன்.”

தஸ்நேவிஸின் முகம் இறுகியது. “அப்போ நீங்களும் நோட்டைத்தான் பாக்குதீங்க,” என்றார். அதற்குமேல் அவர் அவளோடு பேசவில்லை.

பவுலினை அன்றே கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். பானு மேடம் குறிப்பேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். தாகம் வந்த நேரங்களைத் தனித்தாளில் வரிசையாக எழுதினார்.

“உனக்குச் சந்தேகமே வரலையா?” என்றார்.

“அவர் பெயரைப் போட்டிருந்ததால, அவர்தான்னு நினைச்சுட்டேன் மேடம்.”

“நானும்தான். நேரத்தை எழுதச் சொன்னேனே ஒழிய, வேற வாயா இருக்கும்னு எனக்கும் தோணலை. துறைமுகத்துக்குள்ள இதை விட மாட்டாங்கன்னு விசாரிக்காம கொடுத்தது என் தப்பு. அதை நான் எழுதிக் கொடுக்கிறேன்.” தாளை மடித்தார். “அவர் பெயர் பட்டியல்ல இருக்கும். மீறல் ரெண்டையும் அடிச்சுடலாம். ஆனா நாற்பது நாள் செல்லாது. அடுத்த சுற்று மூணு மாசம் கழிச்சு. முதல்ல இருந்துதான்.”

“மூணு மாசம் அவர் உடம்பு தாங்குமா மேடம்?”

“பத்தியமா இருந்தா தாங்கும். இல்லேன்னா டயாலிசிஸ்.” குறிப்பேட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். “உன்னோடதும் செல்லாது. இந்தத் தாள்ல நீ ஃபெயில்.”

வெண்மதி அறைக்கு வந்து சொன்னபோது ஃபர்ஹானா, “நான் ஞாயித்துக்கிழமையைக் கண்டுபிடிச்சுக் கொடுத்ததுக்கு இதுதான் பலனா,” என்று வருத்தப்பட்டாள். பிறகு, அடுத்த சுற்றில் தஸ்நேவிஸைத் தனக்குத் தரும்படி எழுதிக் கொடுத்தாள். சமர்த்து நோயாளிகளோடு காலம் தள்ளி அலுத்துவிட்டதாம்.

பவுலின் ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். காலையும் மாலையும் ஊசி. அவர் பத்தியமும் கணவர் பத்தியமும் சில இடத்தில் ஒன்றுக்கொன்று முட்டின. ஒருவருக்கு ஆகிற பயறு இன்னொருவருக்கு ஆகாது. இரண்டையும் பார்த்துச் சமைப்பதற்குப் பவுலினுக்கு அப்போது உடம்பில் தெம்பும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிச் சமையலறையில் மாணவர்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் துறைமுக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தஸ்நேவிஸ் நின்றார். வெண்மதியைப் பார்க்காமல் பானு மேடத்திடம் போனார்.

“மேடம், நானும் கத்துக்கிடலாமா? வீட்டுல இதுவரைக்கும் வெந்நீர்கூடப் போட்டதில்ல.”

“இவங்களும் அப்படித்தான் வந்தாங்க,” என்று பானு மேடம் சுற்றிலும் பார்த்தார். இன்னொருவர் நிற்க இடம் இருந்தது வெண்மதியின் மேடையில் மட்டும்தான். “அங்க போங்க.”

அவர் வந்து கத்தியைக் கையில் எடுத்தார். கப்பலில் இருபது டன் பெட்டியை விரல் நுனியால் இறக்குகிறவர், வெங்காயத்தை ஐந்து நிமிஷம் எந்தப் பக்கம் வெட்டுவது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெண்மதி தன் வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்தாள். அவரும் வெட்டிக் கவிழ்த்தார்.

“கண்ணு எரியுதே,” என்றார் சற்றுப் பொறுத்து.

“எரியும் சார்.”

“இவ்வளவு வருஷமா அவ சொன்னதே இல்ல.” மூக்கை உறிஞ்சினார். “அன்னைக்கு நீங்க சும்மா இருந்திருந்தா இன்னும் நாலு நாள்ல எனக்குக் கிட்னி வளர ஆரம்பிச்சிருக்கும். நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்.”

“தெரியும் சார்.”

“சரி. அந்த மிளகை எவ்வளவு நேரம் வறுக்கணும்?”

மூன்று மாதம் கழித்து அடுத்த சுற்று தொடங்கியது. துறைமுகத்தில் எழுதி வாங்கி, வேலை நேரத்தில் தஸ்நேவிஸின் வில்லையை வாசலிலேயே தண்ணீர் டப்பியில் போட்டு வைக்கவும், சாப்பிட வெளியே வரும்போது வாயில் வைத்துக்கொள்ளவும் ஏற்பாடாகியிருந்தது. அவருக்கு ஃபர்ஹானா. இப்போது சர்க்கரை நோயாளிகளும் சேர்ந்திருந்ததால் வெண்மதிக்குப் பவுலின். இந்தத் தடவை தாளில் எழுதியிருந்த பெயரும் வாயும் ஒன்றுதானா என்று வெண்மதி நேரில் போய்த் தன் கையாலேயே வில்லையை வைத்துவிட்டு வந்தாள்.

முதல் நாள் காலை எட்டேகாலுக்கு அவள் வகுப்பில் இருந்தபோது சாப்பாடு வந்தது. வேலைக்குப் போகுமுன் தஸ்நேவிஸ் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போயிருந்தது. சாமைக் கஞ்சி அடிப்பிடித்திருந்தது. சீரகத்தைக் கையளவு அள்ளிப் போட்டிருந்தார். பீன்ஸ் பல்லில் கறகறவென்றது. வெண்மதி பேனாவை மூடிவிட்டு, பவுலின் தட்டை ஒதுக்கி வைப்பதற்காகக் காத்திருந்தாள்.

ஒதுக்கி வைக்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வாயாக, அவசரமே இல்லாமல் கஞ்சி இறங்கிக்கொண்டிருந்தது. எட்டே முக்காலுக்குத்தான் முடிந்தது. கடைசியில் கரண்டியை நாக்கு ஒருமுறை தடவிப் பார்த்தது.

ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் போன் அடித்தது. பவுலின்.

“டாக்டரம்மா, ஒரு உதவி. சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு அவுகளுக்கு இப்பத்தான் போன் போட்டுச் சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிருங்க. சாயங்காலம் கேட்டா ஒண்ணுபோல இருக்கணும்லா.”

“அப்படி எழுத முடியாதேம்மா.”

“தெரியும், தெரியும். கேட்டுப் பாத்தேன்.” பவுலின் சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

வெண்மதி வராந்தாச் சுவரில் குறிப்பேட்டை வைத்து எழுதினாள்: ‘கஞ்சி அடிப்பிடித்தது. பீன்ஸ் வேகவில்லை. உப்பு இல்லை, சர்க்கரை இல்லை. நோயாளி முழுவதையும் சாப்பிட்டார். முப்பது நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டார்.’